மூண்டாம் மாடி அறைக்கு விளையாடினது

1986

4.11 செவ்வாய்
விடிய மழை. ஹோட்டலிலை ஆக்கள் இல்லை, இன்டர்லாக்கன் முழுக்க நித்திரை. நான் கழுவிற சட்டி பானை மட்டும் குறையேல்லை.

போர்ட்டர் கிழவன் பென்சனிலை போயிட்டான். மூண்டாம் மாடியிலை அவன்ரை தனி அறை வெறுமை. யன்னல், கைகழுவிற தொட்டி, கதவைப் பூட்டத் திறப்பு. நாங்கள் கீழை ஆறு பேர் ஒரு அறைக்குள்ளை.

வசந்தா பெர்லினிலை இருந்து ரெலிபோன் எடுத்தவள். ரெண்டு மூண்டு கிழமையிலை வந்திடுவாளாம். கலியாணம் கட்டி மூண்டு வருசம், சேர்ந்திருந்தது நாலு மாதம்.

அறைகளுக்குப் பொறுப்பான ஃப்ராவ் கெர்பரிட்டைப் போய்க் கேட்டன். பன்னிரண்டு பேர் கேட்டிட்டினமாம். "நீங்களே பேசி முடியுங்கோ, எனக்குத் தலையிடி வேண்டாம்" எண்டிட்டா.
சோஸ் போடுற இத்தாலியன் புருனோ சொன்னான், போக்கர் விளையாடுவம், கடைசியாய் மிஞ்சிறவனுக்கு அறை எண்டு. எல்லாரும் ஓம்.

5.11 புதன்
மத்தியானச் சாப்பாட்டுக்கும் இரவு வேலைக்கும் நடுவிலை கிடைக்கிற ஓய்வு நேரத்திலை ஆட்டம். வேலைக்காரர் சாப்பிடுற மண்டபம். ரெண்டு மேசை, மேசைக்கு ஆறு பேர். காசுக்குப் பதிலாய் ஆளுக்கு 25 போஞ்சிக்கொட்டை. கையிலை அஞ்சு சீட்டுக் கடுதாசி, ஒருக்கா மாத்தலாம். கொட்டை முடிஞ்சால் எழும்பவேணும். மேசையிலை ஜேர்மன் மட்டும் கதைக்கவேணும், இது புருனோ வைச்ச சட்டம்.

ஊரிலை 304 எண்ட கடுதாசி ஆட்டம் விளையாடின கை. மற்றவன்ரை முகம் பார்க்கத் தெரியும். பேக்கரிப் போர்த்துக்கீசன் நல்ல கடுதாசி வந்தால் காது சிவப்பான். அவன்ரை கொட்டை முழுக்க என்னட்டை.
செல்வமும் தப்பிட்டான். கொக்குவிலான், என்னை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவன். ஒரே அடுக்குக் கட்டிலிலை நான் மேலை, அவன் கீழை.

6.11 வியாழன்
குளிர். ஆறு பேர் மூண்டாகினம். புருனோ 120, நான் 110, செல்வம் 70.

எழும்பேக்கை புருனோ நிப்பாட்டினான். "இனி விளையாட வேண்டாம். மூண்டு பேரும் பங்கிடுவம். உன்ரை மனிசி வாறா, முதல் நீ இரு. சித்திரையிலை என்ரை ஆள் எங்கடை ஊர் கலாப்ரியாவிலை இருந்து வாறாள், அப்ப எனக்கு. இலையுதிர்காலத்திலை செல்வத்துக்கு. பேப்பரிலை எழுதிக் குசினியிலை ஒட்டுவம்."
எனக்கு ஓம் எண்டு சொல்ல வாய் வந்தது. செல்வம் தமிழிலை: "விசரே உனக்கு? சித்திரையிலை மனிசியோடை றோட்டிலையோ நிக்கப்போறாய்?"
அதுகும் சரிதான் எண்டு பட்டுது. நைன், ஏலாது எண்டன். புருனோ தோளைக் குலுக்கிப்போட்டுப் போயிட்டான்.

7.11 வெள்ளி
காலமை கோப்பை கழுவிற மெசின் இரைச்சலுக்குள்ளை செல்வம் கிட்ட வந்தான்.
"நானும் நீயும் அடிபட்டால் அவன்தான் வெல்லுவான். நான் கொட்டையைப் பெரிசாய்த் தள்ளினால் நீ கடுதாசியைக் கவிட்டு வைச்சு விலகு. கொட்டை என்னட்டைச் சேரட்டும், நான் அவனை எழுப்பிறன். அறை உனக்கு."
"உனக்கு என்ன?"
"நத்தார்ப் பெருநாளுக்கும் தை வருசப்பிறப்புக்கும் என்ரை வேலையை நீ செய். எனக்கு அது காணும்."
ஈரக்கையோடை கை குடுத்தம். களவு எண்டு தெரியும். வசந்தாவுக்காக எண்டு எனக்கு நானே சொன்னன்.

மூண்டு மணி. நாலாவது கை. எனக்கு மூண்டு ராணி. ரெண்டு கடுதாசி மாத்தினன், ரெண்டும் ஏழு. இதுக்கு மேலை இனி எனக்கு வராது. புருனோ முதலே கவிட்டிட்டான். நான் 60 போட்டன். செல்வம் கடுதாசியைத் திருப்பிப் பாக்காமலே தன்ரை எல்லாத்தையும் தள்ளினான்.
நான் ஓம் எண்டிருந்தால் அவன் அந்த இடத்திலை எழும்பியிருப்பான்.
கவிட்டன். கலைக்கிற முறை புருனோவுக்கு, அவன் கடுதாசியளைச் சேர்த்து எடுத்தான்.

அரை மணியிலை செல்வம் ரெண்டு ஆஸ் கடுதாசியாலை புருனோவை அடிச்சான். மிச்சம் நானும் அவனும். அறை எப்பிடியும் எனக்குத்தானே எண்டு பாக்காமல் தள்ளித் தோத்தன். கைதட்டல். ஃப்ராவ் கெர்பர் திறப்பைக் கொண்டந்தா. இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்.
செல்வம் திறப்பை வாங்கிப் பொக்கற்றுக்குள்ளை போட்டான்.

8.11 சனி
செல்வம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலை போயிட்டான். பின்னாலை போனன்.
"மச்சான், கதைச்சது?"
"மனிசி முதல் வரட்டும். எல்லையிலை பிடிச்சுத் திருப்பினால்? அறை சும்மா கிடக்கிறதோ?"
"அப்ப வந்தால் தருவாய்?"
கட்டிலுக்குச் சீலை விரிச்சுக்கொண்டே: "என்ரை தம்பியும் பெர்லினிலை நிக்கிறான்."
"எப்ப இருந்து?"
"போன மாதம்."
அறிஞ்சுகொண்டுதான் கை குடுத்தவன்.
ஃப்ராவ் கெர்பரிட்டைச் சொல்லுவன் எண்டன். சிரிச்சான். "சொல்லன். ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தினனாங்கள் எண்டு சொல்லன். பத்துப் பேரும் உன்னைத் தூக்கித் தோளிலை வைப்பினம்."

9.11 ஞாயிறு
கரட் 20 கிலோ சீவினது. புருனோ பக்கத்திலை வந்து நிண்டு, மெதுவாய்: "மூண்டு ராணி, ரெண்டு ஏழு. கலைக்க எடுக்கேக்கை கண்டனான். ஏன் எறிஞ்சாய்?"
அடுத்த கரட்டை எடுத்துச் சீவினன்.
"நான் வெண்டிருந்தாலும் முதல் உனக்குத்தான் தந்திருப்பன். எழுதுவம் எண்டு சொன்னன்தானே."
அடிச்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒருதருக்கும் சொல்லேல்லை அவன். இனி என்னோடை கோப்பி குடிக்கவும் வரமாட்டான்.

வேறை பாஷைக்காரன் எல்லாருக்கும் முன்னாலை எழுதித் தாறன் எண்டான், நம்பேல்லை. சொந்தப் பாஷையிலை ஒருதன் காதுக்குள்ளை சொன்னான், நம்பினன். தூ.

11.11
மார்கழி, தை மாத வேலைப் பட்டியல் ஒட்டியாச்சு. நத்தார், வருசப்பிறப்பு ரெண்டிலையும் செல்வத்தின்ரை பேரை வெட்டி என்ரை பேர். வெள்ளிக்கிழமையே போய்ச் சொல்லிப்போட்டானாம். ஒப்பந்தத்திலை அவனுக்கு வரவேண்டிய பாதி மட்டும் சரியாய் நடக்குது.

15.11
வாங்கவேண்டியது: பெண்பிள்ளையள் போடுற சப்பாத்து (அளவு தெரியாது), கம்பளிச் சட்டை, சீப்பு, தேயிலை.
வசந்தாவுக்கு அறை இருக்கெண்டு 7ம் திகதி காலமையே கடிதம் போட்டிட்டன். ஆட்டத்துக்கு முதல்.

22.11 சனி
முதல் பனி. வசந்தா வந்திட்டாள். மெலிஞ்சு, கண்ணுக்குக் கீழை கறுத்து. பொலிசிலை பதிஞ்சாச்சு. அறை துப்பரவாக்கிற போர்த்துக்கீசப் பெட்டையளோடை மாத முடிவு வரைக்கும் படுக்கலாமாம். பிறகு தூன் பட்டணத்திலை அகதியள் விடுதி. சேர்ந்திருக்கிறதெண்டால் எங்களுக்கெண்டு ஒரு அறை காட்டவேணும்.
"கடிதத்திலை எழுதின அறை?" எண்டு கேட்டாள். தவறிப்போச்சு எண்டன்.

பின்னேரம் செல்வம் வந்து ரெண்டு பேரையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டான். மாட்டன் எண்டு சொல்ல என்ன காரணம் சொல்லிறது? போனம். ஒரே ஒரு கதிரையை வசந்தாவுக்கு விட்டுத் தான் நிலத்திலை இருந்தான். பிஸ்கற், பால் தேத்தண்ணி. ஹீற்றரைக் கூட்டிவிட்டான். "குளிரினால் எப்பவும் வாங்கோ தங்கச்சி, உங்கடை வீடு மாதிரி." வசந்தா கண் கலங்கினாள். வெளிக்கிட்ட நாள் தொடக்கம் ஒருதரும் இப்பிடிக் கதைக்கேல்லையாம்.

படியாலை இறங்கேக்கை என்ரை கையைப் பிடிச்சாள்.
"இஞ்சாருங்கோ, நல்ல மனிசன். உங்களுக்கு இஞ்சை இப்பிடி ஒரு ஆள் இருக்கிறது எனக்குப் பெரிய ஆறுதல்."
ஓம் எண்டன்.