ஷெட் கதவில் நாலு நாள் தொங்கிய விலை

ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

போன வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்குத் தையல்காரரின் மனைவி மூச்சு முட்டிப்போய், செங்கல் ஏற்றும் வண்டியில் படுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நம் தர்ம ஆம்புலன்ஸ் அந்த நேரம் ஷெட்டில் சும்மா நின்றது. கூப்பிட்டிருந்தால் ஆறு நிமிடத்தில் வாசலுக்குப் போயிருக்கும். கூப்பிடவில்லை. காரணம் நான்தான்.

பதறாதே, பிழைத்துவிட்டாள். நேற்று வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து என்னோடு பேசினாள்.

வேறு யாராவது கண், காது, மூக்கு வைத்து உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயின்ட் கடையில் புது விலை வருவதற்கு முன்னால் அதை எழுதி ஒரு வாரம் மாட்டிவைப்பது என் வழக்கம். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே அந்த விலை நிற்குமா நிற்காதா என்று தெரிந்துவிடும். அதே பழக்கத்தில், வண்டிக் கமிட்டி இன்னும் முடிவே செய்யாத வாடகையை ஒரு பலகையில் எழுதி ஆம்புலன்ஸ் ஷெட் கதவில் மாட்டினேன். என் கடை நீல பெயின்டில், நானே எழுதினேன். நாலு நாள் தொங்கியது. பெயின்ட் விலையைப் பார்த்து முகம் சுளிப்பவன் அடுத்த கடைக்குப் போவான். இங்கே அடுத்த கடை செங்கல் வண்டி என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பலகையைக் கழற்றியாயிற்று. வாடகை வேண்டும் என்ற பேச்சை நான் கழற்றவில்லை. நாலு டயரும் மொட்டை. நன்கொடைப் பெட்டியில் போன மாதம் விழுந்தது டீசலுக்கே போதவில்லை. நகராட்சியில் 'பார்க்கலாம்' என்கிறார்கள். மூன்று வருடமாகப் பார்க்கிறார்கள். ஓட்டுவதற்கு மிச்சம் இருப்பது முடிதிருத்துபவர், மருந்துக்கடைக்காரர், எலக்ட்ரீஷியன், நான். இன்சூரன்ஸ் இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. இருக்கிற நிலைமையில் ஜூலை ஒன்றாம் தேதி வண்டி நகராது.

மாப்பிள்ளை தவறிய பிறகு உனக்கு வந்த தொகை முழுவதையும் போட்டு முதல் வண்டியை வாங்கியவள் நீ. 'யாரிடமும் காசு கேட்கக் கூடாது' என்று பத்திரத்தில் எழுதவைத்ததும் நீ. அதை மாற்ற உன் கையெழுத்து வேண்டும். போனை நீ எடுப்பதில்லை. அதனால் திருத்தப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அண்ணி விசாரித்தாள். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

உன் அண்ணன்

*

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. போனில் பேசினால் பத்து நிமிடத்தில் நான் உன் விலைக்கு வந்து நிற்பேன். காகிதத்தில் நீ என்னை அப்படி மடக்க முடியாது.

மகள் வீட்டுக்கு வரும்வரை இருபது வருடம் அந்த ஆம்புலன்ஸ் போனை எடுத்தவள் நான். கூப்பிடுகிறவர்கள் முதலில் சொல்வது நோயை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை. "இவருக்கு நெஞ்சு வலிக்குதாம்மா, வண்டி எவ்வளவு ஆகும்? ரொம்ப ஆகும்னா பஸ்லயே கூட்டிட்டுப் போயிடறேன்." இப்படித்தான். நெஞ்சு வலியோடு ஒருவரை பஸ்ஸில் ஏற்ற நினைத்தவள் பைத்தியக்காரி இல்லை. கையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவள். எல்லாருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "வண்டி கிளம்பிடுச்சு, வாசல்ல நில்லுங்க." அந்த ஒரு பதிலை வாங்கத்தான் என் பணத்தைப் போட்டேன். நீ அதைக் கதவில் மாட்டி முகம் பார்த்திருக்கிறாய்.

தையல்காரரின் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி. உனக்குத் தெரியும்தானே?

கையெழுத்துப் போடமாட்டேன். பத்திரத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி, வண்டி, விலை இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உனக்குமா? இதற்கு மேல் என்னை எழுத வைக்காதே.

இரண்டு பல். என் விரலில்தான் சோதித்துப் பார்க்கிறாள்.

தங்கை

*

ஜூன் 15

அன்புத் தங்கைக்கு,

நீ எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன்.

அன்று மாப்பிள்ளை, வாடகைக் காரின் பின் சீட்டில் உன் மடியில் படுத்திருந்தார். கார்க்காரன் எழுநூறு கேட்டான். நான் ஐந்நூறு என்றேன். அவன் முகத்தைத் திருப்பினான், நானும் திருப்பினேன். சந்தையில் செய்வதைத்தான் செய்தேன். ஐந்நூற்று ஐம்பதுக்கு முடித்தபோது பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. கடிகாரம் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. உனக்கு நூற்றைம்பது மிச்சம் பண்ணிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு இருக்கும்போது அவர் போய்விட்டார். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டி ஓட்டி அதைக் கழித்துவிடலாம் என்று நினைத்தேன். கழியவில்லை.

இதைச் சொல்லி உன்னிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. அது தனி, இது தனி. என்னால் பிரித்துப் பார்க்க முடியும். முடியாவிட்டால் ஜூலையில் வண்டி நின்றுவிடும். அப்புறம் நெஞ்சு வலிக்காரர்கள் எல்லாருக்கும் பஸ்தான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. மருந்துக்கடைக்காரர், "ஏறினாலும் காசு, இறங்கினாலும் காசுன்னு வைங்க. டீசல் என்ன வானத்துலேருந்தா கொட்டுது?" என்றார். முடிதிருத்துபவர் எழுந்துவிட்டார். "போன வாரம் ஒருத்தருக்கு ஒரு பக்க மீசைய எடுத்திருந்தேன். போன் வந்துச்சு, விட்டுட்டு ஓடிட்டேன். மனுஷன் மறு பக்க மீசையோடயே வீட்டுக்குப் போயிட்டாரு, ஒரு வார்த்தை கேக்கல. எதுக்குன்னு நெனைக்கிறீங்க? இது தர்ம வண்டின்னுதான். நீங்க மீட்டர் போடுங்க, நான் சம்பளம் கேக்கறேன்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடுப்பாக இருந்தது, ஆனால் நியாயம்.

வீட்டுக்கு வந்து ஒரு வருடத்து வண்டிப் பதிவேட்டை எடுத்து வரிவரியாகப் படித்தேன். "தங்கச்சிகிட்டயும் தள்ளுபடி கேட்டுத்தான் தீருவீங்களா?" என்றாள் உன் அண்ணி. பதிவேட்டில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பிவரும் ஓட்டங்கள். கால் கட்டோடு வருகிறவர், தையல் பிரித்துவிட்டு வருகிறவர், நன்றாகிக் குடும்பத்தோடு வருகிறவர். யாருக்கும் உயிர் போகிற அவசரம் இல்லை. டாக்சி பிடித்தால் எல்லாரும் கொடுக்கிற காசுதான். நாம் தலையை ஆட்டிக்கொண்டு சும்மா கொண்டுவந்து விட்டிருக்கிறோம்.

ஆகவே, போகும்போது ஒன்றும் வேண்டாம். திரும்பி வரும்போது மட்டும் கிலோமீட்டருக்கு இருபது. முடிதிருத்துபவரிடம் சொன்னேன். "வீட்டுல கொண்டுவிடறதா? அது டாக்சி வேலை. அதுக்குத் தாராளமா வாங்குங்க" என்றார்.

பத்திரத்தை மாற்றி எழுதி மறுபடியும் அனுப்புகிறேன். இதையும் நீ திருப்பினால் மூன்றாவது முறையும் அனுப்புவேன். என்னை உனக்குத் தெரியும்.

அண்ணன்

*

ஜூன் 21

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மகளுக்குத் தெரியாமல் குளியலறையில் வைத்துப் படித்தேன்.

நீ ஒன்றை விட்டுவிட்டாய், ஏனென்றால் உனக்குத் தெரியாது. கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. நீங்கள் பேசியது அத்தனையும் எனக்குக் கேட்டது. "கொடுத்துத் தொலை அண்ணா" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் வண்டி நகர்ந்திருக்கும். சொல்லவில்லை. எழுநூறு எனக்கும் அதிகமாகத்தான் பட்டது. நீ குறைத்துவிடுவாய் என்று உட்கார்ந்திருந்தேன். உன்மேல் கோபமாக இருந்தால் இதை நினைக்க வேண்டியதில்லை. அதனால் கோபத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். உனக்கு மட்டும்தான் இதை எழுத முடிகிறது.

இனி வேலையைப் பார்ப்போம். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சில விஷயங்களுக்கு நீ கட்டுப்பட்டால். போனை எடுக்கிறவர் 'அவசரமா?' என்று கேட்கக் கூடாது. கூப்பிட்டால் கிளம்ப வேண்டும். எது அவசரம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வண்டி ஓட்டுகிறவர் கையில் காசு படக் கூடாது. திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு வாடகைச் சீட்டு போகட்டும். கொடுத்தால் சரி. கொடுக்காவிட்டால் இரண்டாவது சீட்டு கிடையாது, யார் கொடுக்கவில்லை என்ற பேச்சும் கடையில் கிடையாது. பலகை எங்கேயும் கூடாது. எந்த பெயின்டிலும் கூடாது.

இருபது அதிகம். பன்னிரண்டு போதும் என்பது என் எண்ணம். பார், நானும் ஆரம்பித்துவிட்டேன். வண்டி ஓட எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவன் நீதான். அதனால் நீ எழுதியிருந்த இருபதை அடித்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீயே எழுதிக்கொள்.

இனி போன் செய், எடுக்கிறேன். காலை வேளையில் செய். அப்போதுதான் குழந்தை தூங்குவாள்.

தங்கை

*

ஜூன் 26

அன்புத் தங்கைக்கு,

பத்திரம் வந்து சேர்ந்தது. முப்பத்தைந்து வருட வியாபாரத்தில் விலை எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டு யாரும் என்னிடம் கொடுத்ததில்லை. பேனாவை எடுத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைப் பையன்கள் எனக்கு உடம்புக்கு என்னவோ என்று நினைத்துவிட்டார்கள்.

நீ சொன்ன பன்னிரண்டு நிற்காது. டயர், டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் போட்டுப் பார்த்தேன். மூன்று பேரில் ஒருவர் கொடுக்கமாட்டார் என்று வைத்துக்கொண்டுதான் போட்டேன். பன்னிரண்டில் வண்டி அடுத்த வருடம் மறுபடி இதே இடத்தில் நிற்கும். இருபதும் வேண்டியதில்லை, அது வியாபாரி போட்ட விலை. இந்தத் தவணை இன்சூரன்ஸை நான் கட்டிவிட்டேன். அது நன்கொடை, அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

தையல்காரர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அது அவர் இஷ்டம். அவர் மனைவியை நேற்று நம் வண்டியில் நானே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன். அவர்களுக்குச் சீட்டு கிடையாது.

உன் நிபந்தனைகள் அத்தனையும் அப்படியே எழுதியாயிற்று. கடைசி வரி நீ கேட்காமல் நானாகச் சேர்த்தது. கமிட்டி கையெழுத்துப் போட்டுவிட்டது, மருந்துக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார். பத்திரத்தில் இப்போது இருப்பது இதுதான்:

ஆஸ்பத்திரிக்குப் போக, யாரானாலும், எந்த நேரமானாலும், ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பக் கிலோமீட்டருக்குப் பதினைந்து. காத்திருப்பதற்குத் தனியாகக் கிடையாது. உயிரில்லாமல் திரும்பி வருகிறவருக்கு, எவ்வளவு தூரமானாலும், ஒன்றுமில்லை.

உன் அண்ணன்