எழுந்திருக்கும்போதுதான் அணைகிறது

மார்ச் 4, செவ்வாய்

கம்ப்யூட்டர் காலை வாரிவிட்டது. நாலு மணிக்கு வழக்கம்போல் வீட்டைப் பூட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன். வந்து பார்த்தால் திரை கறுப்பு, பெட்டியில் மூச்சில்லை. மின்சாரம் இருந்தது. பொத்தானை அழுத்தினேன், ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொண்டது. ஆனால் மத்தியானம் முழுக்க அடித்த ‘ப’ வரிசை போச்சு. பாலங்களின் வரலாற்றுப் புத்தகத்துக்குச் சொல்லடைவு போடுகிறவனுக்கு ‘ப’ வரிசை போனால் என்ன மிஞ்சும்? பதிப்பகத்துக்கு இருபதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

இன்றும். நாலுக்கும் நாலரைக்கும் நடுவில், நான் வெளியே இருந்தபோது.

மார்ச் 6, வியாழன்

இன்றும். வீட்டில் மாமாவைத் தவிர யாரும் இல்லை. அவர் உள்ளறையில், கட்டிலில். என் மாமனார் இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் வரும் நர்சம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தால்தான் அவரை உட்கார வைக்க முடியும்.

“கம்ப்யூட்டர் தானா நின்னுச்சா மாமா? சத்தம் ஏதாவது கேட்டுச்சா?” என்றேன்.

“நான் தூங்கிட்டேன் மாப்ளே” என்றார், கூரையைப் பார்த்தபடி.

மார்ச் 7, வெள்ளி

கம்ப்யூட்டர்காரர் வந்தார். எதைத் திறந்தாலும் முதலில் வாயால் ஊதுவார். நான் மனதுக்குள் ‘ஊதல்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். மெமரி அட்டையைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தார், ஊதினார், மாட்டினார். “பவர் சப்ளைதான் சார், வேற ஒண்ணும் இல்ல” என்று பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போனார்.

இப்போது மேசையில் பெட்டி இருந்த இடத்தில் தூசியில்லாத ஒரு சதுரம். முன்னால் அவள் நாற்காலி.

பதினாலு மாதமாக அதில் நான் உட்காரவில்லை. சாப்பாட்டு மேசை முக்காலியை இழுத்துப் போட்டுத்தான் வேலை. முதுகு ஒடிகிறது. நர்சம்மாகூடச் சொல்லிவிட்டாள், “நல்ல நாற்காலி சும்மாத்தானே இருக்கு?” என்று. சும்மா இல்லையம்மா. அது என் மனைவி உட்கார்ந்த நாற்காலி. அவ்வளவுதான், இதற்கு மேல் எழுத முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் போன் செய்தார். அவளுடைய அண்ணன். வாரம் தவறாத அதே கேள்வி: “அப்பா நடக்கிறாரா?” அவர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. “நாலு படி ஏற ஆரம்பிச்சதும் சொல்லுங்க மாப்ளே, மறுநாளே வந்து கூட்டிட்டுப் போறேன். நீங்களும் எவ்வளவு நாள்தான்...”

நானும் எவ்வளவு நாள்தான். உண்மையைச் சொல்வதென்றால், அந்த நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகளே போன பிறகு மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச என்ன இருக்கிறது? பால் வந்துச்சா, மாத்திரை போட்டாச்சா. அவ்வளவுதான்.

மார்ச் 10, திங்கள்

பெட்டி வந்தது. கடையில் மூன்று நாள் இரவும் பகலும் ஓடியதாம், ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

நாலு இருபதுக்குப் பாலோடு வந்தேன். கறுப்பு.

மார்ச் 12, புதன்

ஊதல் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். “நிக்கற வரைக்கும் நான் போறதில்ல சார், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு” என்றார். உட்கார்ந்தது அவள் நாற்காலியில். தடுக்க வாயெடுப்பதற்குள் நன்றாகச் சாய்ந்தும்விட்டார். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடியது. தண்ணீர் குடிக்க எழுந்தார்.

டப். கறுப்பு.

திரும்ப ஏற்றினார், உட்கார்ந்தார், எழுந்தார். டப். குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி ஐந்து தடவை செய்து பார்த்தார்.

“கண்டுபிடிச்சாச்சு சார்! இந்த நாற்காலிதான். மெத்தைத் துணி நைலான். காலு இரும்பு மேசையில படுது. எழுந்திருக்கும்போது சின்னதா ஒரு ஷாக் பாயுது, பெட்டி பயந்து நின்னுடுது. உக்காரும்போது ஒண்ணும் ஆகாது, எழுந்திருக்கும்போது மட்டும்தான். வீட்டு ஒயரிங்ல எர்த் இல்ல, போட்டுட்டா சரியாப் போயிடும். போடட்டுமா?”

“சும்மா இருக்கும்போது தானா நிக்காதா?”

“அதெப்படி சார்? யாராவது எழுந்திருச்சாத்தான்.”

எர்த் இப்போது வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவர் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது. அந்த நாற்காலியில் யாருமே உட்காருவதில்லை.

மார்ச் 13, வியாழன்

நாற்காலி மேல் செய்தித்தாளை விரித்து வைத்துவிட்டுப் போனேன். வந்தபோது தாள் மேசை மேல் இருந்தது. நாலாக மடித்து, விளிம்பை நகத்தால் கீறி அழுத்தி. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

அவள் அப்படித்தான் மடிப்பாள். எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன், “பேப்பருக்கும் இஸ்திரியா?” என்று.

கதவு பூட்டியபடி இருந்தது. ஜன்னல் கம்பி எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மாமா கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

பயமாகத்தான் இருக்கு. ஆனா அது மட்டும் இல்ல. அவளாகவே இருந்துட்டுப் போகட்டுமேன்னு இருக்கு. என்ன இப்போ? யாருக்கு என்ன நஷ்டம்?

மார்ச் 14, வெள்ளி

மூளை குழம்பிவிட்டதோ என்னவோ. நாலு மணிக்குக் கிளம்புமுன் திரையில் பெரிய எழுத்தில் அடித்து வைத்தேன்: நீதானா?

பால்கடையில் மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன். கறுப்பு. திரும்ப ஏற்றினால் ஒன்றும் இல்லை. சேமிக்காதது தங்குமா? பதில் எழுதியிருந்தாலும் எழுந்தபோது அழிந்திருக்கும். இதை யோசித்தபடி அரைமணி நேரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 15, சனி

கதவைச் சத்தமாகப் பூட்டிவிட்டு நான் போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நாற்காலியின் முதுகுப்பக்கம் அந்த ஜன்னலைப் பார்த்தபடி இருக்கும்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சுவர் உரசும் சத்தம். நின்று நின்று வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோழைதான், ஒப்புக்கொள்கிறேன். திறந்தபோது நாற்காலியில் ஒரு முதுகு. சாம்பல் நிறப் போர்வை, குறுகிய தோள், தலை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து. அவள் உட்காரும் அதே சாய்வு. என் வாயிலிருந்து அவள் பெயர் வந்துவிட்டது.

முதுகு திரும்பியது. மாமா.

கதவைத் திறந்து உள்ளே போனேன். கத்த வேண்டும் என்றுதான் போனேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டப். இருவரும் அணைந்த திரையைப் பார்த்தோம்.

“எத்தனை நாளா மாமா?”

“நடக்க ஆரம்பிச்சு ஒரு மாசம் இருக்கும். இந்த நாற்காலி வரைக்கும் வந்தது பத்துப் பன்னெண்டு நாளாத்தான். நர்சம்மாகிட்ட சொல்லாதீங்க. நடக்கறேன்னு தெரிஞ்சா அவன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான்.” பிறகு நாற்காலி முதுகைத் தடவியபடி, “கட்டில்ல படுத்தா நேரா இந்த நாற்காலிதான் தெரியும் மாப்ளே. அவ இருந்தப்போ மத்தியானம் சாய்ஞ்சா அவ முதுகைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். இப்போ காலியாத் தெரியுது. யாராவது உக்காரணும் இல்ல? நீங்களும் உக்கார மாட்டேங்கறீங்க. இந்தச் சனியன் நிக்கறது என்னாலன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

செய்தித்தாளைக் கேட்டேன். சின்ன வயதில் அவளுக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்றார்.

“நேத்து நீங்க எழுதி வெச்சிருந்ததைப் பாத்தேன். ‘ஆமா’ன்னு அடிச்சிடலாம்னு கை போச்சு. பொய்யாயிடுமேன்னு விட்டுட்டேன்.”

இருவரும் அழுதோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மச்சான் போன். “அப்பா நடக்கிறாரா?”

மாமா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார், தன் காலில். என்னையே பார்த்தார்.

“எங்க மச்சான்! ரெண்டு பேர் பிடிச்சாத்தான் உக்காரவே முடியுது” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

மார்ச் 20, வியாழன்

சொல்லடைவைக் கொடுத்துவிட்டேன். ‘ப’ மட்டும் பதினோரு பக்கம். மாமா இப்போது நாற்காலியிலிருந்து எழுமுன் “சேவ் பண்ணிக்குங்க மாப்ளே” என்று குரல் கொடுக்கிறார். எர்த் இன்னும் போடவில்லை. அதில் என்ன அவசரம்.

மார்ச் 29, சனி

நாலு மணி. இப்போதெல்லாம் பாலைக் காலையிலேயே வாங்கிவிடுகிறேன். இருவரும் சமையலறைச் சின்ன மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். நர்சம்மா கண்டுபிடித்துவிட்டாளோ என்று மாமாவுக்குச் சந்தேகம், அவளைப்போலவே நடித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது.

டப்.

இரைச்சல் நின்றது. மாமாவின் டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

“நான் இங்கதான இருக்கேன்” என்றார், மெதுவாக.

“தெரியும் மாமா.”

மின்சாரம் போயிருக்குமோ என்று தலைக்கு மேல் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுந்திருக்கும்போது மட்டும்தான் என்று ஊதல் சொன்னதை நான் மாமாவிடம் நூறு தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். நாலு மணிக்கு டீ போட்டால் வேலையைப் பாதியில் விட்டு எழுந்து வருகிறவள் அவள்.

கூடத்துக்கும் சமையலறைக்கும் ஏழெட்டு அடிதான். நாங்கள் இருவரும் வாசலைப் பார்க்கவில்லை. மாமா டம்ளரைக் கீழே வைத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலியோடு, தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், இன்னொருவர் உட்கார இடம் விட்டு.