திட்டில் ஆடு இறக்காத வருடம்

ஏதென்ஸ்
12 அக்டோபர் 1983

அன்புள்ள ஃப்ரோசினி அக்காவுக்கு,

நீ அனுப்பிய பாலாடைக்கட்டி வந்தது. விடுதித் தோழிகள் எனக்கு ஓரத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

நேரில் என்றால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். குளிர்கால மேய்ச்சலுக்கு நாம் குத்தகை பேசிய கடல் திட்டை ஏப்ரலில் பார்க்கப் போனோமே, அங்கே பாறை இடுக்கில் ஒரு சின்ன இளஞ்சிவப்புப் பூ. சிறுவயதில் நாம் நெற்றியில் அடித்து வெடிக்கவைத்த பூவின் இனம்தான். ஆனால் தண்டு பிசுபிசுவென்று, சிறு ஈக்கள் ஒட்டிக்கொண்டு. ஆடு போகாத ஒன்றிரண்டு திட்டுகளில் மட்டும் உயிரோடு இருக்கும் பூ அதுவாக இருக்கலாம். விதையைப் பார்த்தால்தான் உறுதி என்கிறார் எங்கள் தாவரவியல் ஆசிரியை. மே மாதம் விதை முற்றும். அதுவரை அங்கே ஆடு இறக்காமல் இருக்க முடியுமா?

முடியாது என்றால் விட்டுவிடு.

உன் அசிமினா


கிமோலோஸ்
20 நவம்பர்

என் அசிமினாவுக்கு,

படகுக்கார லினார்தோவிடம் இந்த வருடம் ஆடு ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "என்ன ஃப்ரோசினி, உன் தங்கச்சி படிச்சு முடிச்சிட்டு பூ மேய்க்கப் போறாளாமா?" என்று காப்பிக்கடையே கேட்கக் கத்தினார். "ஆமாண்ணே, பூ உங்கள மாதிரி கத்தாதுல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மழை இன்னும் வரவில்லை. அதெல்லாம் என் பாடு. நீ படி.

ஃப்ரோசினி


ஏதென்ஸ்
9 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்கா,

ஆசிரியை வகுப்பில் முதல் முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எழுந்து நின்று பேசினேன், நம்புவாயா?

ஆடுகளைப் பற்றி நீ ஒன்றுமே எழுதுவதில்லையே. ஒற்றைக் கொம்புக்காரி குட்டி போட்டாளா?

அசிமினா


கிமோலோஸ்
2 ஜூன்

என் அசிமினாவுக்கு,

உள்ளே விதை வைத்திருக்கிறேன். நானே திட்டுக்குப் போய்ப் பறித்தேன். சிந்தாமல் பிரி.

ஆடுகள் இல்லை. இங்கே புல் முளைக்கவே இல்லை. வைக்கோல் வாங்கிப் பார்த்தேன், தாக்குப்பிடிக்கவில்லை. ஜனவரியில் வியாபாரி வந்து ஓட்டிக்கொண்டு போனான். அவை படகேறுவதைப் பார்க்க நான் துறைக்குப் போகவில்லை. இப்போது பக்கத்துத் தீவான மிலோஸில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கிறேன். ஞாயிறு மட்டும்தான் வீடு.

அழாதே. "என் தங்கச்சி கண்டுபிடிச்ச பூ வேற எங்கயும் இல்லையாம்"னு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். லினார்தோவே பூவின் பேர் கேட்கிறார். பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு.

ஃப்ரோசினி


ஏதென்ஸ்
19 ஜூன்

அன்புள்ள அக்கா,

ஆசிரியை உன் விதைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். "இது அது இல்லம்மா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார், எல்லோருக்கும் நேர்வதுதானாம். நம் பார்லிக் கொல்லையிலும் கல்லறைச் சுவரிலும் பூக்கிற அதே பூதான், பிசுபிசுத் தண்டு அதற்கும் உண்டாம். உப்புக் காற்றில் குறுகி, இலை தடித்து, எனக்கு வேறாகத் தெரிந்திருக்கிறது.

பேர் எழுதி அனுப்ப ஒன்றும் இல்லை. லினார்தோவிடம் நீ சொல்ல வேண்டாம், நானே வந்து சொல்கிறேன்.

ஆடுகளை இறக்கியிருக்கலாம், அக்கா.

அசிமினா