மூன்று முளைக்குச்சிகள்

பிப். 9
காலையில் கடும் பனி, கல்வராயன் மலையே தெரியவில்லை. மாலை தெளிவு. வடக்கனந்தல் பஸ், தொலைநோக்கி மடியில். ஏழுமலை நிலத்தில், சோளம் அறுத்த மூலை. முக்காலியை மறுபடி அதே இடத்தில் ஊன்ற மூன்று முளைக்குச்சி அடித்தேன். கால் தடுக்காமலிருக்க சிவப்புத் துணி.

ஏழுமலை: "இன்னா சார் தேடுற?"

சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம். குறுக்கே ஒரு ராட்சதக் கோள் போவதாகச் சந்தேகம். போனால் வெளிச்சம் குறையும். நூறு மணி மக்காச்சோளத்தில் ஒன்றை எடுத்த மாதிரி. இரண்டு முறை பிடித்துவிட்டேன். 12ஆம் தேதி மூன்றாவதும் குறைந்தால் கோள்தான்.

"அதுல நெலம் கீதா?"

"இல்லப்பா. எல்லாம் வாயு. கால் வைக்க இடமில்ல."

"அப்ப அண்ணன் தம்பி வெட்டிக்க மாட்டானுங்க." சிரிப்பு.

வரப்புக்கு அந்தப் பக்கம் அவன் தம்பி தண்டபாணி நிலம். ஒரு சாண் வரப்புக்கு கோர்ட்டு, கேஸ்.

பிப். 12
துடைத்து வைத்த வானம். பொழுது சாயும்போது முக்காலியை நிறுத்தினேன். தண்டபாணி வந்தான், கையில் கடப்பாரை. அண்ணனைப் பார்த்துக் கத்தினான்.

"எனுக்குத் தெரியாம சர்வேயர இட்டாந்து அளக்கிறியாடா?"

முக்காலி. சிவப்புத் துணி முளை. நிலம் அளப்பவர்கள் வைப்பதும் அதேதான். எனக்குத் தோன்றவே இல்லை.

"நட்சத்திரம் பாக்கிறேன் தண்டபாணி."

"வானத்த அளக்கவா மொள அடிச்ச?"

முதல் அடி தொலைநோக்கிக்கு. ஏழுமலை குறுக்கே வந்தான். அடுத்தது அவன் தலையில். விழுந்த பிறகும் ஒன்று. அவன் முடிக்குள் என் தொலைநோக்கியின் கண்ணாடிச் சில்லு. என் துண்டு முழுக்க ரத்தம்.

பிப். 13
கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. ஏழுமலை கண் திறக்கவில்லை. தண்டபாணியைத் தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்களாம். பிரம்பே எடுக்காத வாத்தியார் நான். அவன் கையை ஒடிக்க வேண்டும் போல இருக்கிறது.

பிப். 15
விடியற்காலை ஏழுமலை போய்விட்டான்.

பத்து மணிக்கு போன். திருக்கோவிலூர் நண்பர், என்னைப் போலவே அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பவர். "சார்! பன்னெண்டாந்தேதி நான் பிடிச்சிட்டேன்! கோள்தான்! நம்ம வியாழன் கிரகத்தைவிடப் பெருசு!" சரி என்றேன். வைத்துவிட்டேன்.

மாலை, முளைகளைப் பிடுங்கப் போனேன். வரப்பிலிருந்து ஏழுமலை நிலத்துக்குள் ஒரு கஜம் தள்ளி அடித்திருந்தேன். அங்கே தண்டபாணி பெண்டாட்டி செல்வி, அரிவாளோடு.

"கை வெக்காதீங்க சார். அளந்த மொள அது. அதுவரைக்கும் எங்க நெலம்."