காளைச் சண்டைக்காரி என்றே எழுதினேன்

மார்ச் 3, 1952. திங்கள்
இன்றும் என் வகுப்பு மொத்தமும் வாய்ப்பாட்டில் ஏழெட்டு ஐம்பத்தாறில் தடுக்கி விழுந்தது. மதியம் தலைமை ஆசிரியர் டான் ஃபிதென்சியோ கூப்பிட்டார். புயெப்லா மாநில ஆசிரியர்கள் எல்லோரும் புதுப் படிவம் நிரப்ப வேண்டுமாம். 'முந்தைய தொழில்' என்ற இடத்தைத் தொட்டுக் காட்டி, "தையல்காரின்னு போட்டுடுங்க எவுலாலியா, யாருக்கும் தொல்லையில்ல" என்றார்.

எனக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. காளைச் சண்டைக்காரி என்று எழுதினேன். ஸ்பெயினில் நான்கு பருவம். பெண்கள் களத்தில் இறங்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்ததும் கப்பலேறி வந்து மெக்சிகோவில் ஏழு பருவம். இதில் எதைத் தைத்தேன் நான்?

மார்ச் 6
ஊருக்கே தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

மார்ச் 9, ஞாயிறு
பெற்றோர் கூட்டம். அதன் தலைவர், தோல் வியாபாரி ஒல்வேரா, ஒரு மனுவை வாசித்தார். என்னை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி இருபத்திரண்டு தாய்மார்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்: "பொம்பளை காளையோட என்னத்தைச் சண்டை போட்டிருப்பா? காலைக் காட்டிக் கைதட்டு வாங்கியிருப்பா."

எழுந்தேன். பாவாடையை முழங்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கினேன்.

"கொம்பு போன வழி இது, செனோர் ஒல்வேரா. பதினேழு தையல். எங்கே, கைதட்டுங்க பார்ப்போம்!"

டான் ஃபிதென்சியோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

தப்புப் பண்ணிட்டேனா? – இல்லை. இன்னொரு தரம் கேட்டால் இன்னொரு தரம் காட்டுவேன்.

மார்ச் 10
விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வரக் கூடாதாம்.

மார்ச் 13, வியாழன்
பின்வாசல் வழியாக ஒல்வேராவின் மனைவி ஹோவிதா வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று இடுப்பில் கைவைத்து நின்றேன்.

"டீச்சர், அந்த மனுவுல என் பேரும் இருக்கு. நான் போடல. எனக்கு எழுதவே தெரியாது. அவரே போட்டுக்கிட்டார்."

"மத்தவங்க?"

"முக்கால்வாசிப் பேரு என்னை மாதிரிதான். புருஷன்மாரு போட்டது." தயங்கினாள். "கத்துக் குடுப்பீங்களா? பேரை மட்டும்."

அடப்பாவிகளா! என்னை விரட்ட இவங்க பேரையே திருடினீங்களா?

"பேரோட விடமாட்டேன். சம்மதம்னா நாளைக்கு வா" என்றேன்.

மார்ச் 21
ஏழு பெண்கள். அடுப்படி கொள்ளவில்லை. கோழிகளை விரட்டிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தோம்.

ஏப்ரல் 2
வேலை போய்விட்டது. கடிதத்தை டான் ஃபிதென்சியோவே கொண்டுவந்தார். "தையல்காரின்னு போட்டிருந்தா..." என்று இழுத்தார்.

"அன்னைக்குக் காளையை மறைக்கச் சொன்னீங்க டான் ஃபிதென்சியோ. நாளைக்கு எதை?"

அவர் போன பிறகு அழுதேன். அதையும் எழுதித்தானே ஆகணும். நாற்பத்தொரு பிள்ளைங்க – என் பிள்ளைங்க! யார் வந்து நிக்கப் போறாங்க அந்தக் கரும்பலகை முன்னால?

ஏப்ரல் 14
ரொட்டிக் கடையில் மாவு பிசைய ஆள் வேண்டும் என்றார்கள். சேர்ந்துவிட்டேன். காளையைவிட மாவு சாதுதான்.

மே 29, வியாழன்
இன்று பதினாறு பேர். ஹோவிதா வெராக்ரூசில் இருக்கும் தங்கைக்கு முதன்முதலாகத் தன் கையால் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்துக்கு எழுத்து வாய்விட்டுச் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு. பாதியில் வாசலில் ஒல்வேரா. என்னைப் பார்க்கவில்லை. தொப்பியையும் கழற்றவில்லை.

"ஹோவிதா, சாப்பாடு?"

பதினைந்து பென்சில்கள் நின்றன. அவளுடையது மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

"பானையில அவரைக்கொட்டை இருக்கு, எடுத்துப் போட்டுக்குங்க" என்றாள், நிமிராமலே. "எனக்கு இன்னும் ரெண்டு வரி இருக்கு."

தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு போய்விட்டார்.