பதினோராவது முடிச்சு

சேசு மரி சூசை

அரூர்
22-9-1985

அன்புள்ள பேரன் மதலைமுத்துவுக்கு ஆயா எழுதிக்கொண்டது.

உன் தங்கச்சி இசபெல்லா டீச்சர் டிரெயினிங்கில் கிளாசிலேயே முதலாக வந்திருக்கிறாள். உன் சித்தப்பன் மகன் சவரிராயனுக்கு கரண்ட் ஆபீசில் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது, தருமபுரியிலேயே. அவன் தங்கச்சி ராஜமேரி பத்தாவதில் கணக்குக்குத் தொண்ணூற்றெட்டு. மீதி ரெண்டை வாத்தியார் வூட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டேன், சிரிக்கிறாள். எல்லாருக்கும் மேலே நீ. மூணு வயசில் காய்ச்சல் வந்து இடது கால் துவண்டு கிடந்தவன், இன்றைக்கு ஓசூர் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாய். இப்போது முதுகில் பையைக் கட்டிக்கொண்டு பதினோரு நாள் வேளாங்கண்ணிக்கு நடந்தும் போய்விட்டாய். "பையனை எழுப்பி விடு தாயே, உன்னிடம் நடத்தியே அனுப்புகிறேன்" என்று நான் நேர்ந்தது நிறைவேறிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் நம்ம ஊர்க் கோயில் திருவிழாப் பூசையில் சாமியாரும் சொல்லப்போகிறார்.

அவர் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோபப்படாதே.

நீ அனுப்பின போட்டோ வந்தது. கோயில் வாசலில், உள்ளே போவதற்கு முன்னால் எடுத்தது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறாய். நம்ம ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு நாள் நடை முடிந்தால் காவித் துண்டில் ஒரு முடிச்சு. அவிழ்ப்பது மாதாவுக்கு முன்னால் நின்றுதான். பதினோரு நாளைக்குப் பதினோரு முடிச்சு இருக்க வேண்டும். போட்டோவில் பத்துதான் இருக்கிறது. இசபெல்லாவையும் எண்ணச் சொன்னேன். அவளுக்கும் பத்து.

ஏன்?

ஆயா
சவரியம்மாள்


ஓசூர்
30-9-1985

அன்புள்ள ஆயாவுக்கு,

ஷிப்ட் மாறிவிட்டதால் உடனே எழுத முடியவில்லை. போட்டோவைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவீங்க என்று அனுப்பினால், போலீஸ் மாதிரி முடிச்சு எண்ணிக்கொண்டிருக்கிறீங்க! பதினோராவது முடிச்சு பையோட தோள்பட்டைக்கு அடியில் மாட்டியிருக்கும். மாதா அருளால் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம். சாமியாரைத் தாராளமாகச் சொல்லச் சொல்லுங்க.

இசபெல்லாவுக்கு ஒரு பேனா வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்க.

உங்கள் பேரன்
மதலைமுத்து


அரூர்
6-10-1985

அன்புள்ள முத்துவுக்கு,

கெட்டிக்காரப் பதில்தான். ஆனால் துண்டின் ரெண்டு முனையும் பட்டைக்கு வெளியேதான் தொங்குகிறது. கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் மாரியப்பனிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். "பேரனை என்ன ஆயா, கடியாரம் மாதிரி கழட்டிப் பாக்கறீங்க?" என்கிறான். "நீ மூடிக்கிட்டு உன் முள்ளைத் திருப்புடா" என்றேன்.

கண்ணாடியில் வேறொன்றும் தெரிந்தது. உன் பக்கத்தில் நிற்கிறவர்கள் சட்டையெல்லாம் வியர்வையில் ஊறி நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது. உன் சட்டை காய்ந்திருக்கிறது. தலை வேறு வாரியிருக்கிறாய்.

எந்தப் பள்ளிக்கூடத்தில் படுத்தாய், எந்த ஊர் நாய் துரத்தியது, எங்கே சாம்பாரில் உப்பில்லை என்று பத்து நாளைக்குப் பக்கம் பக்கமாக எழுதினாய். கீழ்வேளூரில் கிளம்பின கடைசி நாளுக்கு மட்டும் மாதா அருளால் போய்ச் சேர்ந்தோம், அவ்வளவுதான். அந்த ரோட்டில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். நடந்தவனுக்கு உதடு எரியும். அதை எழுதாமல் விடமாட்டான். உன் அப்பன் பிறந்ததற்கு நானும் நேர்ந்துகொண்டு அந்த வழியாகப் போனவள்தான்.

சாமியாரிடம் கொஞ்சம் பொறுங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். எதுவானாலும் முதலில் என்னிடம் வரட்டும்.

ஆயா


ஓசூர்
14-10-1985

ஆயா,

கீழ்வேளூரில் காலையில் எழுந்தால் இடது காலை ஊன்ற முடியவில்லை. அதே கால். "நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா வரேன்" என்று எல்லாரையும் அனுப்பிவிட்டேன். ஒரு மைல் போயிருப்பேன். பஸ் வந்தது. கை காட்டிவிட்டேன்.

அவர்களுக்கு முன்னாலேயே இறங்கி, முகம் கழுவி, ஒரு மெழுகுவத்திக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் கூட்டம் வந்தது. பின்னாலேயே நடந்து வந்து பிடித்தவன் மாதிரி வரிசையில் நுழைந்துகொண்டேன். "பரவால்லடா, கால வச்சிக்கிட்டு வந்துட்டியே" என்று முதுகில் தட்டினார்கள். அப்புறம் எப்படிச் சொல்வது?

உள்ளே போனேன். முடிச்சை மட்டும் அவிழ்க்கவில்லை. துண்டு அப்படியே பைக்குள் கிடக்கிறது. இருபது வருஷம் காத்திருந்தீங்க, உங்க தலையைக் குனிய வைத்துவிட்டேன். சாமியாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க. இந்தத் திருவிழாவுக்கு நான் வரவில்லை.

முத்து


அரூர்
21-10-1985

என் கண்ணு முத்துவுக்கு,

சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னுடையதை மட்டும் இல்லை.

நீ எப்படிச் செய்திருப்பாய் என்று உன் கடிதம் வரும் முன்பே எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் மெழுகுவத்திக் கடை இல்லை. நான் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், உன் அப்பனை மடியில் போட்டுக்கொண்டு. என்னை அங்கே இறக்கிவிட்டது, வேதாரண்யத்துக்கு வெறும் வண்டியாகத் திரும்பிய ஒரு உப்பு வண்டி. "கைப்புள்ளையோட நடக்கிறியேம்மா, ஏறிக்கோ" என்றார் வண்டிக்காரர். ஏறிக்கொண்டேன். பலகையில் சிந்தியிருந்த உப்பு, வெடித்த பாதத்தில் பட்டு வழியெல்லாம் எரிந்தது. உதடு எரிந்ததை, கூட நடந்த நஞ்சம்மாள் சொல்லித்தான் கேட்டேன்.

ஐம்பது வருஷமாகக் கால் வெடிக்க நடந்தேன் என்று சொல்லி வருகிறேன். கால் வெடித்தது நிஜம்தான்.

உனக்குக் கால் விழுந்தபோது டாக்டர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்த வண்டிச் சத்தம்தான் கேட்டது. நான் நடக்காமல் விட்ட வழிக்காகத்தான் உன் காலை மாதா பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அப்போதும் நான் நடக்கிறேன் என்று நேரவில்லை பார். உன்னை நடத்துகிறேன் என்று நேர்ந்தேன். அந்தக் காலிலேயே கொண்டுபோய்ச் சுமத்தினேன். என்னைத் தெரிந்ததால்தான் கண்ணு, உன்னைச் சந்தேகப்பட்டேன்.

ஆனால் உன் துண்டில் பத்துதான் இருந்தது. அவ்வளவு பொய் எழுதின கைக்கு ஒரு பொய் முடிச்சுப் போட வரவில்லை. நான் அந்தப் பனைமரத்தடியில் உட்கார்ந்து, நல்லா இறுக்கி, கடைசி முடிச்சைப் போட்டேன்.

"எழுபது வயசாச்சு, ஜெபமாலை சொல்லுங்க, போதும்" என்றார் சாமியார். அவருக்குப் போதும். கிறிஸ்மஸ் லீவில் கீழ்வேளூர் வரைக்கும் பஸ், அங்கிருந்து நீயும் நானும் நடை. மூணு நாள் ஆனாலும் ஆகட்டும். உன் கால் நின்றால் நான் நிற்கிறேன். என் கால் நின்றால் நீ நில். பஸ் வந்தால் ரெண்டு பேரும் வயல் பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் உன் கால் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். ஆறிவிட்டது என்று எழுதாதே, நம்பமாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ரெண்டு காலும் ஊன்றி நின்று, அந்தத் துண்டைப் பத்து முடிச்சோடு தோளில் போட்டு, ஒரு புது போட்டோ எடுத்துத் தபாலில் போடு. மாரியப்பனிடம் கண்ணாடியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

உன் ஆயா
சவரியம்மாள்