ஹால் கேமரா

ஜூன் 3, 2025, செவ்வாய்

டி.வி.க்குக் கீழே இருக்கும் ரெக்கார்டர் மறுபடியும் கூவ ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வரிசையில் திருட்டு நடந்த வருடம் வாங்கியது. வாசலில் ஒரு கேமரா, மாடிப்படியில் ஒன்று, ஹாலில் ஒன்று. குகட்பள்ளியில் அப்போது இந்தக் காலனி முழுக்கவே மாட்டினார்கள்.

இவர் பின்பக்க மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசி தட்டிப் பார்த்தார். ரிட்டயர் ஆகும்வரை பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் மெஷின்களோடு இருந்த மனிதர். எதையும் தூக்கிப் போட விடமாட்டார். ரிப்பேர் பண்ணினால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும் என்கிறார். எங்கள் பையன் பிரசன்னா, புதுசு வாங்கலாம், போனிலேயே பார்க்கலாம் என்றான். "எதுக்கும்மா இந்தப் பழசைக் கட்டிட்டு அழறீங்க?"

இப்போதெல்லாம் அவன் இருக்கும் இடத்தில் மருமகள் அனுபமா வாயைத் திறப்பதில்லை. போன வாரம் கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி என்றாள். பல்வலிக்குக் கண்ணுக்குக் கீழேயா கன்றிப் போகும்?

ஜூன் 9

இன்னும் கூவுகிறது. முடிவு எடுத்தபாடில்லை. நானே போய் ஸ்விட்சை அணைத்தேன். இவர் போய்ப் போட்டுவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

எப்படி எழுதுவது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

மத்தியானம் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அனுபமா தலையைக் குனிந்துகொண்டே, கோயம்புத்தூர் ஆபீசுக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது என்றாள். யாரைக் கேட்டுப் பண்ணினாய் என்றான் பிரசன்னா. அவள் பதில் சொல்வதற்குள் சாம்பார் தட்டு அவள் முகத்தில் அடித்தது. எழுந்தான். பின்னலைப் பிடித்து இழுத்து மேஜை விளிம்பில் அவள் முகத்தை மோதினான். ஒரு தடவை இல்லை. அந்தச் சத்தம் — தேங்காய் உடைக்கிற சத்தம் அது. மேஜை விரிப்பில் ரத்தமும் சாம்பாரும் கலந்து ஓடியது. ஒரு பல் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

இவர் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். "விடுறா, செத்துடுவாடா." அவன் திரும்பி இரண்டு கையாலும் இவர் நெஞ்சில் கொடுத்துத் தள்ளினான். டி.வி. ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தார். டி.வி., ரெக்கார்டர் எல்லாம் அவர் மேலேயே சரிந்தன. கூவல் நின்றுபோயிற்று.

எழுந்த நான் கையில் கரண்டியோடு நின்றேன். நின்றுகொண்டேதான் இருந்தேன்.

அனுபமா வாயைப் பொத்திக்கொண்டு செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள். பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி அவளை ஆட்டோவில் ஏற்றிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஜூன் 16

இவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தாயிற்று. பிரசன்னா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். நர்ஸ்கள் தேற்றினார்கள். இப்படி ஒரு பிள்ளையா என்றாள் ஒருத்தி என்னிடம். தலையாட்டினேன்.

சாயங்காலம் காலனி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். சண்டையில் அனுபமாதான் மாமனாரைத் தள்ளினாள், ஓடும்போது படியில் விழுந்து அவளே முகத்தை உடைத்துக்கொண்டாள், அம்மா எல்லாவற்றையும் பார்த்தார்கள் என்று. எனக்கு அப்புறம்தான் சொன்னான். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னான்.

ஜூன் 18

இவரிடம் தனியாகப் பேசினேன். அவன் சொன்னதையே நாமும் சொல்லிவிடலாம் என்கிறார்.

"அவ எப்படியும் போயிட்டா. இவனும் உள்ளே போயிட்டா நம்மள யாரு பாப்பா, கனகா?"

"இடுப்பை உடைச்சதே அவன்தானே?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அனுபமாவுக்குத் தாடை எலும்பு உடைந்திருக்கிறதாம். கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், வாய் திறக்க முடியாது. ஜெஸ்ஸி சொன்னாள். அப்படியானால் அவள் பக்கத்தை யார் சொல்வது?

ஜூன் 20, வெள்ளி

பிரசன்னா சொல்லி, கேமரா ரிப்பேர் பண்ணும் முகமது யூசுப் வந்தார். பூர்வீகம் வாணியம்பாடி, மல்லாபூரில் கடை. புதிய ரெக்கார்டரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மாட்டிவிட்டுப் பழசை எடுத்துப்போய் உடைத்துப் போடச் சொன்னானாம் பிரசன்னா. அவன் ஆபீஸ் வேலையாக மாடியில் போனில் இருந்தான்.

பழசை ரிப்பேர் பண்ணினால் என்ன ஆகும் என்று கேட்டேன். உள்ளே பதிவானதெல்லாம் அப்படியே இருக்கும் என்றார். ஹாலில் நடந்ததுமா என்றேன். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "ஹவ்மா, ஆமா. கேமரா பார்த்திருந்தா இருக்கும்."

அப்போதுதான் எனக்கு ஒரு வழி தெரிந்தாற்போல இருந்தது. நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்ற பேரும் வேண்டாம். அதுவே சொல்லட்டும்.

"புதுசு வேண்டாம். இதை ரிப்பேர் பண்ணுங்க. என் பையன்கிட்ட சொல்ல வேண்டாம்," என்றேன். இரண்டு பெட்டிகளையும் பையில் போட்டு எடுத்துப் போனார்.

ஜூன் 23

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக வருகிறது.

யூசுப் கடைப் பையன் ரிப்பேர் ரசீதைப் பிரசன்னா நம்பருக்கு அனுப்பிவிட்டான். பழைய பில்லில் அந்த நம்பர்தான் இருந்ததாம்.

துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்தான். கோபமே இல்லை குரலில். வலது கையைப் பிடித்துப் பீரோ விளிம்பில் வைத்தான். கதவைச் சாத்தினான். கத்தினேன். திறந்தான். மறுபடி சாத்தினான்.

"யாருக்கும்மா சாட்சி தேடறே?"

மூன்று விரல் முறிவு. காற்றில் கதவு அடித்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னான். ஆமாம் என்றேன். நானும் ஆமாம் என்றேன்.

ஜூன் 25

இவர் என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். நீ ஏன் அவன் விஷயத்தில் தலையிட்டாய் என்றார். பிறகு, "ரொம்ப வலிக்குதா?" என்றார். இடது கையால் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

பிரசன்னா கச்சிபௌலி ஆபீசுக்குக் கிளம்பியதும் ஆட்டோ பிடித்து மல்லாபூர் போனேன். யூசுப் என் கையைப் பார்த்தார். ரசீது போன விஷயம் தெரிந்து ரொம்பவும் சங்கடப்பட்டார். பிரசன்னா நாலைந்து தடவை போன் பண்ணி மிரட்டினானாம். பார்ட்ஸ் வரவில்லை என்று சொல்லித் தாக்காட்டியிருக்கிறார். கரண்ட் போர்டை மாற்றி ரெக்கார்டர் ஓடத் தயாராக இருந்தது. எனக்காகத்தான் காத்திருந்தார்.

திரையில் எங்கள் ஹால் வந்தது. சோபா, ஓடுகிற ஃபேன். நான் துடைப்பத்தோடு குறுக்கே போகிறேன். மூலையில் தேதி: ஏப்ரல் மாதம். யூசுப் முன்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கறுப்பு. மே மாதம் கறுப்பு. ஜூன் கறுப்பு.

"ஏப்ரலோட டிஸ்க்கே போயிருக்கும்மா. அதுக்குத்தான் இத்தனை நாளா கத்தியிருக்கு. லைட்டு எரிஞ்சிருக்கும், கேமரா காட்டியிருக்கும். ஆனா எதுவும் பதிவாகல."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது நிம்மதி. சாட்சி இல்லை, ஆகவே நான் செய்வதற்கும் எதுவும் இல்லை. நிம்மதிதானே அது? அது ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. பிறகு விரல்கள் தெறிக்க ஆரம்பித்தன. இனி அந்த ஹாலில் நடந்ததைப் பார்த்தவர்கள் யார் யார்? செய்தவன். வாய் கட்டப்பட்டவள். பொய் சொல்லப் போகிறவர். அப்புறம் நான்.

வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோக்காரரை ஸ்டேஷனுக்கு விடச் சொன்னேன்.

அங்கே ஒரு பெண் இன்ஸ்பெக்டர், வயது என் மருமகள் அளவுதான் இருக்கும். தெலுங்கில் கேட்டாள், எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். பாதியில் தமிழுக்கு மாறிவிட்டேன். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவரைக் கூப்பிட்டாள்.

"நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன். என் மருமகளை அடிச்சது என் பையன். அவங்க அப்பாவைத் தள்ளினதும் அவன்தான். இந்தக் கையும் அவன் பண்ணினதுதான்."

வேறு சாட்சி உண்டா என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன்.

இடது கையால் போட்ட கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை, செல்லாது என்றார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் அட்டென்டன்ஸ் போட்டவள், இடது கைப் பெருவிரலை மையில் அழுத்தி உருட்டினேன்.

ஜூன் 28

பிரசன்னாவை நேற்றுச் சாயங்காலம் ஆபீஸ் வாசலிலேயே பிடித்துவிட்டார்களாம். பிற்பகல் ஸ்டேஷனில் அவன் முகத்தைப் பார்த்தேன். கான்ஸ்டபிளை அடித்து உதட்டைக் கிழித்திருந்தான். அவர்களும் அடித்திருந்தார்கள், ஒரு கண் மூடியிருந்தது. பெற்ற வயிறு என்ன பாடுபட்டது என்று இங்கே எழுத மாட்டேன்.

அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நீயாம்மா?"

ஜூலை 6, ஞாயிறு

இவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட வேலைக்கு வரும் பெண்ணிடம் கேட்கிறார். அவள் இல்லாத நேரத்தில் தாகத்தோடு இருக்கிறார். நான் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஜூலை 14

அனுபமா போன் பண்ணினாள். கம்பியைத் தளர்த்தியிருக்கிறார்களாம், பல்லுக்குள்ளேயே பேசினாள். பாதி புரியவில்லை. "அத்தை, கை எப்படி இருக்கு?" என்றது புரிந்தது. வெகுநேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

ஜூலை 26, சனி

ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நிபந்தனை போடுவார்களாம். போட்டால்? அவன் நிபந்தனைக்குக் கட்டுப்படுகிறவனா?

யூசுப்பை வரச் சொன்னேன். பழசுக்கே வேறு டிஸ்க் போட்டுத் தரட்டுமா, புதுசா என்று கேட்டார். புதுசு என்றேன். இவர் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜாமீனில் வெளியே வந்தவன் இன்று காலை வீட்டுக்கே வந்துவிட்டான்.

கேட்டை உதைத்தே திறந்தான். துளசித் தொட்டியை எடுத்து ஜன்னலில் எறிந்தான். கண்ணாடி ஹால் முழுக்கச் சிதறியது. பிறகு கதவுக்கு வந்து, குரலை மாற்றிக்கொண்டு, "அப்பா, நான்தாம்ப்பா. உங்களைப் பாத்துட்டுப் போயிடறேன். கதவைத் திறங்க," என்றான். என்னைக் கூப்பிடவில்லை. அவனுக்குத் தெரியும் யாரைக் கூப்பிட வேண்டும் என்று.

இவர் வாக்கரைப் பிடித்து எழுந்தார். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே அடி அடியாகப் போனார். திறக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தடுக்கவில்லை. அன்றைக்கு நின்றதுபோலவே நின்றேன்.

கதவருகே போனதும் வாக்கரை விட்டார். ஒரு கையைச் சுவரில் ஊன்றி, எம்பி, மேல் தாழ்ப்பாளைப் போட்டார். நிற்க முடியவில்லை, திரும்பிக் கதவிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டார். வெளியே அவன் இடிக்க ஆரம்பித்தான். கெட்ட கெட்ட வார்த்தைகள், அப்பாவையே. ஒவ்வொரு இடிக்கும் இவர் உடம்பு அதிர்ந்தது.

என்னைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என் முகத்தைப் பார்த்து.

"ஸ்டேஷனுக்குப் போன் போடு, கனகா," என்றார்.

போட்டேன். நான் பேசி முடிக்கும்வரை கதவை விட்டு அவர் நகரவில்லை.